அடுத்த வாய்தா

திருத்தணி வக்கீல் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வந்த சட்ட மாணவி மோனிஷாவுக்கு முதல் வேலை, பள்ளிப்பட்டு பாகப்பிரிவினை வழக்குக் கட்டை அடுக்குவது. வழக்கு நடத்தினவர்கள் ஒவ்வொருவராகச் செத்து, வாரிசைச் சேர்க்கும் மனுக்களாலேயே கட்டு கனத்துப் போயிருந்தது. கடைசி மனுவோடு, இப்போது வழக்கை நடத்திவரும் பக்தவச்சலத்தின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. இறந்த தேதி, அடுத்த மாதம் பன்னிரண்டு.

பக்தவச்சலம் எதிர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதுல உங்க பேரு..."

"ஆங், தெரியும்மா. எங்க நைனாவுக்கும் இப்டித்தான் முன்னாடியே வந்துச்சு. வாய்தா என்னிக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் டைரியைப் புரட்டினாள்.

"பன்னண்டாந்தேதிங்க."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் அவர் மகள் அனிதா, அடுத்த வாரிசாக வக்காலத்துப் பத்திரத்தில் போடவேண்டிய தன் கையெழுத்தைப் பழைய தாளொன்றில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள்.