மூன்று சதவிகிதம்

கறுப்புத் திரையில் எட்டுக் கோடுகள், சர்வரின் மூளையான பிராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் ஒன்று, அது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட. போன மாதம் நாள் முழுக்க நிரம்பி வழிந்தவை, இன்று மூன்று சதவிகிதத்தைத் தாண்டவில்லை. பெருமைப்பட வேண்டியவள், குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்தில் இரண்டே லினக்ஸ் சர்வர்கள். ஒன்று அவள் பொறுப்பு, அடுத்த அறையில் இருப்பது அவள் கணவன் பொறுப்பு. ஒன்றை எடுக்கப் போகிறார்கள், அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் வேலை போகும் என்ற செய்தியைப் போன மாதம் கொண்டுவந்தவனே அவன்தான்.

"எது திணறுதோ அதைத்தான் தூக்குவாங்களாம். உன்னோடதை லேசாக்கிடு," என்றான்.

"அப்ப நீங்க?"

"வேலையில்லாதவன்னு நாலு பேர் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ நல்லா இருந்தா போதும்."

பதினொரு வருடத்தில் டி.வி. ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன்! அன்று முதல் மாங்குமாங்கென்று உழைத்தாள். வெட்டியாக ஓடிய புரோகிராம்களை நிறுத்தினாள், மிச்சத்தைத் திருத்தி எழுதினாள்.

இப்போது மதிய இடைவேளை. தன் திரையிலேயே அவன் சர்வரையும் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், அந்த சர்வரில் ஒருவர்கூட லாகின் செய்து வேலை பார்க்கவில்லை. ஆனாலும் எட்டு கோரும் நூறு சதவிகிதத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

'பாவம், தனக்குன்னு எதையும் சரி பண்ணிக்கலையே!' அவனுக்குத் துரோகம் செய்கிறோமே என்ற எண்ணம் மனசை அறுத்தது. பொறுக்க முடியாமல் எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், என் சர்வரையே எடுத்துடுங்க. அவர் வேலையில இருக்கட்டும்."

மேனேஜர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுதுதானேம்மா போகுது? காலையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

"என்னுது திணறவே இல்லையே சார்! வெறும் மூணு சதவிகிதம்!"

"திணறுறதை எடுத்துட்டா யாரும்மா வேலை செய்யறது?"

"எங்கிட்ட... யாரும் அப்படிச் சொல்லலையே சார்."

"என்னம்மா இது? சும்மா கிடக்கிறதைத்தான் எடுப்போம்னு, உங்க வீட்டுக்காரர்கிட்ட போன மாசமே சொல்லி அனுப்பினேனே!"