கூகுளுக்குக் காட்டாத பக்கம்

"எல்லாத்தையும் சரி பண்ணுமா. அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொடாத."

பட்டுக்கடை முதலாளி கோதண்டபாணி இதைச் சொல்லும்போது கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

நஸ்னீனுக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக மாங்கு மாங்கென்று உழைக்கிறவள் அவள். காஞ்சிபுரம் பட்டுப்புடவை என்று கூகுளில் தேடினால் ஊர்க் கடையெல்லாம் வரும், இவர் கடை மட்டும் வராது. "ஏன்னு கண்டுபுடிச்சிக் குடு" என்று கூப்பிட்டதே இவர்தான்.

வந்து பார்த்தால் வெப்சைட்டில் நாற்பத்தேழு பழுது. ஒரே புடவைக்கு மூன்று முகவரி. அழுத்தினால் எங்கேயும் போகாத லிங்க்குகள். முந்தின வருஷத்து ஆடித் தள்ளுபடி இன்னும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஒரு முந்தானை போட்டோ திறப்பதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம்.

விடவில்லை அவள். ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தாறு முடிந்தது. கடை கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒன்று. அதைத்தான் தொடக் கூடாதாம்.

கோதண்டபாணி கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புடவைப் பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை வைப்பார்கள். அதை ஃபோனில் ஸ்கேன் செய்தால் அந்தப் புடவையை நெய்தவரின் பேர், ஊர், போட்டோ எல்லாம் வெப்சைட்டில் திறக்கும். பன்னிரண்டு நெசவாளர்களுக்குப் பன்னிரண்டு பக்கம். அதில் பதினோரு பேர் கூகுளில் தேடினாலும் வருவார்கள். சுகாசினி மட்டும் வரமாட்டாள். அவள் பக்கத்தில் மட்டும், 'இதைத் தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்கு ஒரு வரி எழுதியிருந்தது.

"தெரியாம விழுந்த வரி சார் இது. எடுத்துடறேன்."

"தெரியாம விழல. நான்தான் போடச் சொன்னேன்."

"உங்ககிட்ட நெய்யுறவங்கள்லயே அவங்கதான சார் கெட்டி? முகூர்த்தப் புடவைன்னா அவங்க நெய்ததைத்தான் கேட்டுக்கினு வராங்க. அவங்க பேரு மட்டும் ஏன் வெளிய தெரியக் கூடாது?"

"நஸ்னீன், உன் வேலை எதுவோ அதைப் பாருமா."

சொல்லிவிட்டு அடுத்த புடவையை மடிக்க எடுத்தார்.

காரணம் சொல்லாவிட்டால் புரியாதா என்ன? சுகாசினி பேர் வெளியே தெரிந்தால் பெரிய கடைக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அந்த பயம்! வருகிற போகிறவரிடமெல்லாம், "நெய்யுறவங்க பேரு உலகத்துக்குத் தெரியணும்" என்று நீட்டி முழக்குவது. கெட்டிக்காரியை மட்டும் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொள்வது.

நஸ்னீனின் அப்பா லியாகத் அலி முப்பது வருஷம் அடுத்தவர் கடை போர்டுக்குக் கீழே உட்கார்ந்து சட்டை தைத்தவர். போட்டுக்கொண்டு போன ஒருத்தரும் அவர் பேரைக் கேட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சல் இவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மதியம் முதலாளி சாப்பிடப் போனார்.

நஸ்னீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திட்டினால் திட்டட்டும், வேலை போனால் போகட்டும். அந்த வரியை அழித்தாள்.

பழுது: பூஜ்யம்.

அந்த நேரம் பார்த்து, முசரவாக்கம் பஸ்ஸில் வந்து இறங்கிய சுகாசினி, நெய்து முடித்த புடவையோடு உள்ளே நுழைந்தாள்.

"அக்கா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்க பக்கத்தை மறைச்சி வச்சிருந்தாங்க. நான் அந்த வரியை எடுத்து வுட்டுட்டேன். இனிமே உங்க பேரைப் போட்டுத் தேடுனா நீங்கதான் முதல்ல வருவீங்க!"

சிரிப்பாள் என்று பார்த்தாள். சுகாசினியின் முகம் வெளுத்துப்போனது. கையிலிருந்த புடவையை மேஜை மேல் போட்டாள்.

"கூகுள்ல வந்துடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. இனிமேதான் கூகுளை வந்து பாக்கச் சொல்லணும்."

"திருப்பிப் போடு. அந்த வரியை இப்பவே போடுமா. உன்னைக் கும்புடுறேன்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு நஸ்னீன் கேள்வி கேட்கவில்லை. அந்த வரியைத் திரும்ப அடித்து, சேமித்து, இரண்டு தரம் சரிபார்த்தாள்.

"போட்டுட்டேன்கா. யாரும் பாக்கல."

சுகாசினி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது? முதலாளி மிரட்டுறாரா?"

"அவரா? ஊரை வுட்டு ஓடியாந்தவளுக்கு எதுவும் கேக்காம தறி குடுத்த மனுசன்மா. அட்டையில வேற பேரு போட்டுக்கலாம்னாரு. நான்தான் மாட்டேன்னேன். நான் நெய்யுற புடவையில எவ பேரோ எதுக்குன்னு சண்டை போட்டேன். ரெண்டு நாள் யோசிச்சிட்டு, யாரையோ புடிச்சி இந்த வரியைப் போட வச்சாரு. புடவை வாங்குறவங்களுக்கு என் பேரு தெரியும். இன்னிக்கு வரைக்கும் வேற யாருகிட்டயும் அவரு மூச்சு வுட்டதில்ல."

"நல்ல பேருதானக்கா? யாருக்குத் தெரிஞ்சா என்ன?"

சுகாசினி எழுந்து போய்த் தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்க அண்ணனுங்க நாலு வருசமா என்னைத் தேடிக்கினு இருக்கானுங்கமா. நான் கட்டிக்கினவரு எங்க சாதி இல்ல."