முப்பதாம் தேதி ஊசி செய்த வேலை

ஃபிலோமினா அக்கா மாசம் ஒரு தையல் வேலை ஆரம்பிப்பார். எதையும் முடித்ததில்லை. மாசம் போனால் அது அலமாரிக்குள் போய்விடும்.

இந்த மாசம் ஒட்டுத்துணிப் போர்வை. இன்று முப்பதாம் தேதி, மாசக் கடைசி. இன்னும் ஒரு ஓரம் பாக்கி.

"ஊசி, ஓடுடா! நாளைக்குப் புதுத் துணி வந்துடும். நான் அலமாரிக்குள்ள போகமாட்டேன்!" என்று போர்வை கத்தியது.

"நான் என்ன பண்றது? அவங்க கண்ணு போன்ல, அடுத்த மாசம் தைக்கப்போற பை மேல இருக்கு" என்றது ஊசி. உடனே அதற்கு ஒரு யோசனை வந்தது. "இரு, கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

அக்கா போனைப் பார்த்தபடியே தைத்தார். ஊசி போர்வையோடு அவர் நைட்டியையும் சேர்த்துக் குத்திக்கொண்டு ஓடியது.

"மிச்சம் அப்புறம்" என்று அக்கா எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. உதறினார். அது விடவில்லை.

"அடச்சே! நைட்டியோட தைச்சுட்டேனா?"

உட்கார்ந்து பிரித்தார். பிரித்த இடத்தைத் திரும்பத் தைக்கணுமே, தைத்தார். போன் கீழே கிடந்தது. கை நிற்காமல் மூலை வரை போய், முடிச்சுப் போட்டு நூலை அறுத்தது.

"டேய் ஊசி! இந்த வீட்டுல முதல்ல முடிஞ்சவன் நான்தான்டா!"