பிரித்தெடுத்த வருஷம்

ஒன்று, ஏழு, எட்டு என்ற மூன்று எண்களும் பிரிந்து வந்துவிட்டன. ஒன்பதுதான் அடம்பிடித்தது.

கெசியா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊசி முனையால் அந்த நீல நூலைத் தையல் தையலாகத் தூக்கினாள். பத்து வயதில் அவளே பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து போட்ட தையல். என்ன அழுத்து அழுத்தியிருக்கிறாள், பாவி.

“நீ முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டே. அப்போ நான் எத்தனைன்னு சொல்றது?” தங்கை பேஷன்ஸ் மாவுக் கையோடு வந்து நின்றாள். “உன்னைவிட நாலு வயசு சின்னவ நான். போன மாசம்தான் தேவாலயத்துப் பொம்பளைங்க அத்தனை பேர்கிட்டயும் நாப்பத்திரண்டுன்னு உளறி வெச்சேன்.”

“உன்னை யாரு இப்போ பொண்ணு பார்க்க வர்றா? போய் அடுப்பைப் பாரு, சோள ரொட்டி கருகுது.”

கெசியாவுக்கு நாற்பத்தாறு. கிணறு வெட்டுகிற ஜேபெஸுக்கு முப்பத்தொன்பது.

அவன் வயதைக் கேட்டபோது முப்பத்தெட்டு என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க முடியவில்லை. இன்று மத்தியானம் அவன் சாப்பிட வருகிறான். எதற்கு வருகிறான் என்பது எங்கள் கனெக்டிகட் ஆற்றோரம் முழுக்கத் தெரியும்.

துணியைக் கழற்றி ஒளித்து வைக்கவும் வழியில்லை. கூடத்துச் சுவரில் பெண்ணின் பள்ளிக்கூடத் தையல் தொங்காவிட்டால், அவளுக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது என்று பேசுவார்கள். அதோடு, போன வாரம் ஜேபெஸ் கதவருகே நின்றபடியே, அடுத்த தடவை அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டும் போயிருந்தான்.

ஒன்பதும் வந்தது. துணியில் மிஞ்சிய ஓட்டைகளை நகத்தால் தேய்த்து மூடினாள்.

“வருஷ எண்ணை எடுத்துட்டே. எழுத்தை என்ன பண்ணுவே?” பேஷன்ஸ் குனிந்து வாசித்தாள். “கெசியா மார்ஷ் ஆகிய நான், என் பத்தாம் வயதில், நாட்டின் முதல் ஜனாதிபதி பதவியேற்ற ஆண்டில், இதைத் தைத்து முடித்தேன். அக்கா, அது எந்த வருஷம்னு ஊர்ல யாருக்குத் தெரியாது?”

“அதைப் பிரிக்க மூணு நாள் ஆகும். இருந்துட்டுப் போகட்டும். கயித்துல அடி அளந்து அளந்து அவருக்கு எண்ணு மட்டும்தான் தெரியும். ஊர்ப் பத்திரத்துல கையெழுத்துக்குப் பதிலா சிலுவைக் குறி போட்டதை நானே பார்த்திருக்கேன்.”

ஜேபெஸ் வந்தான். வாசலில் பூட்ஸ் சேற்றை வழித்தான். பீன்ஸை மூன்று தட்டு சாப்பிட்டான். கருகிய ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு எழுந்து நேரே அந்தத் துணியின் முன்னால் போய் நின்றான்.

“வேத வசனங்க அது,” கெசியா முந்திக்கொண்டாள். “கர்த்தர் இந்த வீட்டைக் காப்பாராகன்னு.”

அவன் தலையாட்டினான்.

அவன் உதடு அசைந்தது. ரொட்டி மெல்லுகிறான் என்று நினைத்தாள்.

ஆனால் மண் ஏறிய விரல் ஒன்று துணிக்கு முன்னால் காற்றில் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது.

‘ஜனாதிபதி’யில் விரல் நின்றது. கடப்பாரை பாறையில் முட்டினாற்போல நின்றது. பின்வாங்கி, முதல் எழுத்திலிருந்து மறுபடி கிளம்பி, இந்தத் தடவை அதைத் தாண்டிப் போயிற்று. கடைசிச் சொல்வரை போயிற்று.

பேஷன்ஸின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“நல்ல வசனங்க,” என்றான் ஜேபெஸ்.

கெசியாவுக்குக் காது இரண்டும் சுட்டன. “எப்போ... எழுத்துக் கத்துக்கிட்டீங்க?”

“இந்தக் குளிர்காலத்துலதான். நிலம் உறைஞ்சு கிடந்துச்சு, வெட்ட வேலை இல்ல. கல்யாணச் சேதியை ஊர்க் குமாஸ்தாகிட்ட எழுதிக் கொடுக்கணுமே. நீங்க அழகாப் பேர் எழுதின இடத்துக்குப் பக்கத்துல நான் குறி கிறுக்கினா நல்லாவா இருக்கும்?”

பேஷன்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அதுல வயசு எழுதணுமா?”

“வேண்டாமாம்.” ஜேபெஸ் கெசியாவைப் பார்த்துத்தான் சொன்னான். “போன வாரம், எண்ணு இன்னும் அதுல இருந்தப்பவே, இங்கேருந்து நேரா அங்கதான் போனேன். விசாரிச்சுட்டேன்.”