ரெண்டு கட்டப் பேரம்

வருகிறவர் வாய் திறக்குமுன்பே அவர் மனதிலிருக்கும் விலையைச் சொல்லிவிடுவார் துணிக்கடைக்காரர். பொழுதுபோக்காக இணையத்தில் வாசிப்புப் பாம்பு-ஏணி ஆட்டம் ஒன்றும் நடத்தினார். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு முறை பகடை உருட்டலாம். நூறைத் தொட்டால் வெற்றி.

தொண்ணூற்றெட்டில் நின்ற 'மழைக்குருவி' என்ற புனைபெயர் ஆட்டக்காரரிடமிருந்து போன் வந்தது. ஆண் குரல்.

"அண்ணே, விதியில ஒரு சந்தேகம். ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் கேட்டா செல்லுமா?"

"தாராளமா செல்லும்."

"கேக்கறவங்க நடுவுல தூங்கிட்டா?"

"தூங்கட்டுமே! அதுவும் செல்லும்."

"ஓ..." குரல் இறங்கியது. "கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தாக்கூடவா?"

ஆள் கெட்டிதான் என்று சிரித்துக்கொண்டார் கடைக்காரர். முழத்துக்குக் காசு கொடுத்துவிட்டு கஜத்துக்கு அடிபோடுகிறார்! ஆனாலும் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

"ரெண்டு கட்டத்துக்கு எதுக்குங்க இத்தனை பேரம்? இந்தாங்க, நூறுல வெச்சுட்டேன். ஜெயிச்சுட்டீங்க!"

பொத்தானை அழுத்தினார். வாழ்த்துச் செய்தி பறந்தது.

"ஐயோ, ஏன்ணே? கீழ இறங்க வழியிருக்கான்னுதானே கேக்க வந்தேன்!"

"இறங்கவா?"

"ஆடறது என் வீட்டுக்காரி. படுத்த படுக்கையா கிடக்கா, நான்தான் படிச்சுக் காட்டறேன். வலி தாங்கல அவளுக்கு. நூறைத் தொடற வரைக்கும்தான் வைத்தியம், அப்புறம் நிறுத்திடணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

கடைக்காரர் அவசரமாக மறுபடி பொத்தானைத் தேடினார். "இருங்க தம்பி, இப்பவே திருப்பி வெச்சுடறேன்..."

அதற்குள் அங்கே உள்ளறையிலிருந்து மெலிந்த பெண்குரல் ஒன்று, குழந்தைபோல் குதூகலமாகக் கேட்டது:

"ஏங்க, என் போனைப் பாருங்களேன்! நாம ஜெயிச்சுட்டோமாம்!"