வாசலில் நின்றவர்

"மாப்புள எங்க டீச்சர்?"

"கப்பலில வேலை."

1998இல் பதுளைக்கு மாற்றலாகி வந்த புதிதில், முடி வெட்டும் ஜெமீலாவிடம் சொன்ன பொய் அது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. கேள்விகள் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடி, இடதுகைப் பழக்கம் என்று மாதாமாதம் அந்த இல்லாத மாப்பிள்ளைக்கு ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரு மழைநாளில் ஜெமீலா என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "மாப்புள வந்தத சொல்லவே இல்லையே. வாசல்ல நிக்கிறார்."

எதிரிலிருந்த நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் நின்றார். நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த குடை அவருடைய இடது கையில் இருந்தது.

"புள்ளைங்க எத்தன டீச்சர்?"

அவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நான் கலியாணம் கட்டேல்லை, ஜெமீலா. இனி என்னட்ட ஒண்டும் கேக்காதேங்கோ. தலைமயிரை மட்டும் வெட்டுங்கோ."