ஜன்னலோரக் கைக்குட்டை

ஒரே பாஸில் நாள் முழுக்கச் சுற்றலாம் என்று என்னைக் கிளப்பியவர் என் வீட்டுக்காரர். வெளிநாடு வந்தும் பழக்கம் விடவில்லை. முதல் பேருந்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தார். நாங்கள் ஏறுவதற்குள் அது கிளம்பிவிட்டது.

அடுத்த பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் அதே கைக்குட்டை கிடந்தது, நான் தைத்த நீல ஓரத்தோடு. எடுத்துப் பைக்குள் வைத்தேன். பிறகு ஏறிய ரயிலிலும் கிடந்தது. பையில் இல்லை.

"ரூமுக்குப் போயிடலாங்க."

"பாஸ் வீணாப்போயிடும். பேசாம உட்காரு."

மாலைப் பேருந்தில் அவர் முந்தி ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் கைக்குட்டை. கால் கடுத்தது. அதை எடுக்கப் போனேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"ஆள் வருதுங்க. என் சம்சாரம்," என்றவர், என்னைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார்.